ஒரு சோறு பதமாகாதபோது

கழுத்தில் நெறி கட்டினால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார்கள். பிறகு தலைமுடியை விலக்கிப் புண் இருக்கிறதா என்று தேடுவார்கள். எந்தக் கல்லூரிக்கும் போகாமல் கற்றுக்கொண்ட நல்ல மருத்துவம் இது. நம் உடலில் ஐந்நூறு, அறுநூறு நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை கழுத்தில்தான். பல்லிலோ தொண்டையிலோ தலைத்தோலிலோ கிருமி புகுந்தால் அந்தப் பகுதியின் நிணநீர் வந்து சேரும் கணு வீங்கும்; தொட்டால் வலிக்கும்; கிருமி ஒழிந்த இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நெறிகளின் கதை இவ்வளவுதான்.

வற்றாத நெறியைப் பற்றியது இந்த அத்தியாயம். அதுவும் இருபதுகளில் இருப்பவரின் கழுத்தில்.

இதில் வரும் பெண்ணுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவள் ஒருத்தியல்ல. புற்றுநோய் மருத்துவர்களின் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாதையை ஒரே ஆள்மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது 23. சொந்த ஊர் செய்யாறு பக்கம், வேலை சிறுசேரியில், தங்கியிருப்பது நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் விடுதி அறையில். இடது காறை எலும்புக்குச் சற்று மேலே இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு நெறி. வலி இல்லை. வலி இல்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டாள். உண்மை நேர்மாறானது. வலிக்கிற நெறி பெரும்பாலும் கிருமியோடு சண்டை போடுகிற நெறி. வலிக்காமல் ரப்பர்போல் இருக்கிற நெறிதான் மருத்துவரைக் கவலைப்பட வைப்பது. இடமும் முக்கியம். தாடைக்குக் கீழே வந்தால் பல்லைச் சந்தேகிக்கலாம். காறை எலும்புக்கு மேல் வருவதற்கு அப்படிச் சாதாரணக் காரணம் அநேகமாகக் கிடையாது. அங்கே வந்து சேரும் நிணநீர் நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருவது.

மாலையில் லேசான காய்ச்சல் வந்தது. இரவில் வியர்த்து ஊற்றியது. விடுதியின் மின்விசிறியைக் குறை சொன்னாள். எடை குறைந்தது, மெஸ் சாப்பாட்டைக் குறை சொன்னாள். ஒரு மருத்துவர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடுத்தவர் வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏன்டி, இவ்ளோ நாளா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டார். பக்கத்து நகரில் ஊசி டெஸ்ட் எடுத்தார்கள். கணுவுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உறிஞ்சி வருவதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனை. அறிக்கையில் ‘கிரானுலோமா இருக்கிறது, கோக்ஸ் ஆக இருக்கலாம்’ என்று இருந்தது. டி.பி. என்ற சொல் நோயாளியின் காதில் விழ வேண்டாம் என்று மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்வது ‘கோக்ஸ்’. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் பெயர் இங்கே ஒரு திரைச்சீலையாகத் தொங்குகிறது.

ஆறு மாத மாத்திரை தொடங்கியது.

அந்த மருத்துவர் செய்தது தவறா? இல்லை என்பதுதான் என் பதில். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வருகிறது. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் இருப்பது நுரையீரலுக்கு வெளியே. வெளியே என்றால் முதலிடம் நிணநீர்க் கணுக்களுக்கு, அதிலும் கழுத்துக்கு. சித்த மருத்துவம் கண்டமாலை என்று சொல்லிவந்ததில் பெரும்பகுதி இதுதான். மறுபக்கம், அவளுக்கு உண்மையில் இருந்த ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் சொச்சம் பேருக்கு வருகிறது. ஒன்று லட்சக்கணக்கில், இன்னொன்று ஆயிரக்கணக்கில். இளவயது, கழுத்தில் நெறி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு என்ற ஐந்தும் இரண்டு நோய்க்கும் பொது. கண்ணை மூடிக்கொண்டு டி.பி. என்று சொல்பவர்கூட இந்த ஊரில் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். இப்படி நெறியோடு வந்த நூறு பேரில் 95 பேருக்கு டி.பி., 5 பேருக்கு லிம்போமா என்று வையுங்கள். எல்லோருக்கும் டி.பி. மாத்திரை கொடுத்தாயிற்று. இரண்டு மாதம் கழித்து, டி.பி. உள்ள 95 பேரில் 85 பேருக்கு நெறி வற்றிக் காய்ச்சல் நின்றுவிடுகிறது. மீதிப் பத்துப் பேருக்கு மருந்து மெதுவாக வேலை செய்கிறது, அல்லது மருந்துக்குப் பணியாத கிருமி இருக்கிறது. லிம்போமா உள்ள ஐந்து பேருக்கும் குணமில்லை. இப்போது மருத்துவர்முன் குணமாகாமல் நிற்பவர்கள் பதினைந்து பேர். அவர்களில் ஐந்து பேருக்குப் புற்றுநோய். முதல் நாளில் இருபதில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இரண்டே மாதத்தில் மூன்றில் ஒன்றாகிவிட்டது. நோயாளியின் உடலில் எதுவும் புதிதாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் குணமாகி வரிசையிலிருந்து போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு புதிய தகவல் வந்ததும் பழைய நிகழ்தகவைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்கு வழி காட்டியவர் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார். முதல் நாள் ஊகத்தில் பிழையில்லை. அறுபதாவது நாளும் அதே ஊகத்தையே வைத்துக்கொண்டிருப்பதுதான் பிழை. இளைஞர்களின் புற்றுநோய் தாமதமாகக் கண்டறியப்படும் கதைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அறியாமையை அல்ல, திருத்தப்படாத கணக்கை.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றோடொன்று குழம்புவது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இன்று நேர்ந்ததும் அல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையில் உடற்கூறு அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ல் ஒரு கட்டுரை எழுதினார். கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு பேரின் விவரம் அதில் இருந்தது. அவர் வெறுங்கண்ணால் பார்த்தே எழுதினார். அந்த ஏழு பேரில் சிலருக்கு இருந்தது வேறு நோய் என்பது பின்னால் தெரிந்தது. நோய்க்குப் பெயர் கொடுத்தவருக்கே அந்த நோயைப் பிரித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. அவருடைய பெயரை நோய்க்குச் சூட்டியவர் அதே மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ், 1865-ல். ஹாட்ஜ்கின் பாதுகாத்து வைத்த திசுக்கள் சிலவற்றை 1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்பவர் நுண்ணோக்கியில் பார்த்தார். தொண்ணூறு ஆண்டுக்கு மேல் சாராயத்தில் கிடந்த சதையில் ஹாட்ஜ்கின் நோய் அப்படியே தெரிந்தது.

1898-ல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பர்க் இந்த நோயின் கணுக்களில் விசித்திரமான பெரிய செல்களைப் பார்த்து விவரமாக எழுதினார். கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் பதினாறே ஆண்டுகள். எந்த நோயைப் பார்த்தாலும் கிருமி தேடிய காலம். ஸ்டெர்ன்பர்க் பார்த்த நோயாளிகள் பலருக்குக் காசநோயும் சேர்ந்தே இருந்தது. அவர் என்ன முடிவுக்கு வந்தார்? இது காசநோயின் ஒரு தனிவகை. புற்றுநோய்ச் செல்லைக் கண்ணால் கண்டு, அழகாக வர்ணித்து, டி.பி. என்று பெயரெழுதி மூடினார். செய்யாறு பக்கத்து மருத்துவர் தனியாக இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டாரதி ரீட். 1902-ல் அவருடைய கட்டுரை வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. பெண்கள் மருத்துவம் படிப்பதையே ஒரு சலுகையாகப் பார்த்த காலம். அவர் செய்தது எளிமையானது, கறாரானது. ஹாட்ஜ்கின் நோயாளிகளின் திசுவை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார், காசநோய் வரவில்லை. நோயாளிகள் சிலருக்குக் காசநோயைத் தேடும் டியூபர்குலின் சோதனை செய்தார், எதிர்வினை இல்லை. பிறகு அந்தப் பெரிய செல்களைத் தன் கையாலேயே வரைந்தார். இது காசநோய் அல்ல, தனி நோய் என்று எழுதினார். இன்று அந்தச் செல்லுக்கு ரீட்-ஸ்டெர்ன்பர்க் செல் என்று பெயர். நோய்க்குறியியலில் பெண்ணுக்கு மேலே போக வழியில்லை என்று தெரிந்ததும் ரீட் அந்தத் துறையையே விட்டுவிட்டுத் தாய்சேய் நலப் பணிக்குப் போனார். இழப்பு நோய்க்குறியியலுக்கு.

ரீட் செய்த டியூபர்குலின் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹாட்ஜ்கின் நோய் உடலின் எதிர்ப்பாற்றலை மந்தமாக்கிவிடும். உள்ளே உண்மையிலேயே காசநோய்க் கிருமி இருந்தால்கூட இந்தச் சோதனை பேசாமல் இருந்துவிடலாம். ரீட்டின் முடிவு சரி. அந்த ஒரு ஆதாரம் மட்டும் அவர் நினைத்த அளவுக்குப் பலமானதல்ல. நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் வளர்ந்தவர்களில் பலருக்குக் காசநோய்க் கிருமி எப்போதோ உள்ளே வந்து தூங்கிக்கொண்டிருக்கும். எனவே டியூபர்குலினைத் தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையில் கை சிவந்து தடித்தால் டி.பி. என்று உறுதியாகாது; தடிக்காவிட்டால் இல்லை என்றும் உறுதியாகாது.

சரி, கணுவுக்குள் ஊசி போட்டுப் பார்த்தார்களே, அதில் ஏன் புற்றுநோய் தெரியவில்லை?

மார்பகக் கட்டியிலோ தைராய்டு கட்டியிலோ புற்றுநோய் இருந்தால் கட்டியில் பெரும்பகுதி புற்றுநோய்ச் செல்களாகவே இருக்கும். எங்கே குத்தினாலும் அவை வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நியாயம் அங்கே செல்லும். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் செல்லாது. அந்த வீங்கிய கணுவில் ரீட்-ஸ்டெர்ன்பர்க் செல்களின் பங்கு பெரும்பாலும் நூற்றில் ஒன்று. சில சமயம் அதற்கும் குறைவு. மீதித் தொண்ணூற்றொன்பது பங்கும் நல்ல செல்கள்: டி செல்கள், பி செல்கள், ஈசினோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள். நோயை விரட்டவென்று வந்து, அந்த ஒரு பங்கு செல்கள் விடும் வேதிச் சமிக்ஞைகளில் மயங்கி, அவற்றுக்கே பாதுகாப்பாக நிற்கிற கூட்டம் அது. காய்ச்சல், வியர்வை, எடை இழப்பு எல்லாமே இந்தச் சமிக்ஞைகளின் வேலை. வீக்கமே புற்றுநோய்ச் செல்களுடையதல்ல, கூட்டத்தினுடையது.

மெல்லிய ஊசி அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து வருகிறது. அதில் அழற்சிச் செல்கள் மட்டும் இருந்தால் ‘சாதாரண அழற்சி’ என்று அறிக்கை வரும். இன்னொரு கொடுமை, ஹாட்ஜ்கின் லிம்போமா உள்ள கணுவிலேயே சில சமயம் கிரானுலோமாக்கள் இருக்கும். காசநோயின் கையெழுத்து என்று எல்லோரும் நம்புகிற அதே செல்திரள்கள். ஊசி அந்த இடத்தில் குத்திவிட்டால் ‘கோக்ஸ் ஆக இருக்கலாம்’. அறிக்கை எழுதியவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

காசநோயின் பக்கமும் இதே பிரச்சினை. கணு டி.பி.யில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். கிருமியின் டி.என்.ஏ.வை இரண்டு மணி நேரத்தில் தேடித் தரும் சிபி-நாட் சோதனைகூடக் கணுச்சாறில் சில சமயம் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஆக, அரிதான கிருமியைத் தேடிக் கிடைக்கவில்லை. அரிதான செல்லைத் தேடிக் கிடைக்கவில்லை. இரண்டும் கிடைக்காதபோது ஊரில் எது அதிகமோ அதற்கு மருந்து எழுதப்படுகிறது.

பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். தெரியாது. அந்த ஸ்கேனில் ஒளிர்வது சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் திசு. காசநோய்க் கணுவும் உறிஞ்சும், லிம்போமாக் கணுவும் உறிஞ்சும். எந்தக் கணுவை வெட்டி எடுத்தால் விடை கிடைக்கும் என்று காட்டுவதற்கு அது உதவும். விடையை அது சொல்லாது. விடை சொல்வது ஒரு முழுக் கணு. அதை அப்படியே எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் மெனக்கெட்டுத் தேட வேண்டும். அகப்பட்ட பெரிய செல்லின்மேல் சி.டி.30, சி.டி.15 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் ஐ.எச்.சி. என்று சொல்வது இதைத்தான். அந்தச் செல் உண்மையில் தன் அடையாளத்தைத் தொலைத்த ஒரு பி செல் என்பதே 1990-களில்தான் தெளிவானது. ஜெர்மனியில் ரால்ஃப் கூப்பர்ஸும் அவருடைய சகாக்களும் சீவல்களிலிருந்து செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அவற்றின் மரபணுவைப் படித்தார்கள். அரிதான செல்லை ஆராய வேறு வழி இருக்கவில்லை.

நம் பெண்ணிடம் திரும்புவோம். மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் காய்ச்சல் நின்றது. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கியது. “மருந்து வேலை செய்யுது” என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஹாட்ஜ்கின் நோயில் காய்ச்சல் சில நோயாளிகளுக்கு ஒன்றிரண்டு வாரம் அடித்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் தானாகவே நின்றுவிடும். 1880-களில் இதை விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயரால் பெல்-எப்ஸ்டைன் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் தன் போக்கில் தணிந்த வாரத்தில் எந்த மாத்திரை கையில் இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அது டி.பி. மாத்திரையாகவும் இருக்கலாம், நாட்டு மருந்தாகவும் இருக்கலாம், நேர்த்திக்கடனாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் திரும்பி வந்தது. பக்கத்தில் இன்னொரு நெறி எழும்பியது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? இங்கே காசநோய் இன்னொரு பொறி வைத்திருக்கிறது. உண்மையான கணு டி.பி.யிலேயே சிலருக்குச் சரியான மருந்து சாப்பிடும்போதே நெறி பெரிதாகும், புதிதாகவும் கட்டும். செத்த கிருமிகளின் மிச்சத்தோடு உடல் போடும் சண்டை அது, நாளடைவில் அடங்கிவிடும். அனுபவமுள்ள மருத்துவருக்கு இது தெரியும். தெரிந்ததாலேயே “பொறுத்துப் பார்ப்போம்” என்கிறார். அறிவு ஆளைத் தவறான திசையில் தைரியப்படுத்தும் இடங்களில் இது ஒன்று.

வீக்கம் குறையட்டும் என்று சிலர் ஸ்டீராய்டு எழுதுவதும் உண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு லிம்போமாவைக் குணப்படுத்தாது. ஆனால் தற்காலிகமாகச் சுருக்கும். நெறி சின்னதாகும், காய்ச்சல் போகும், பசி எடுக்கும், முகம்கூடக் கொஞ்சம் பூரிக்கும். அப்போது கணுவை எடுத்துப் பார்த்தாலும் படம் கலைந்திருக்கலாம். நோய் என்னவென்று தெரியாத நெறிக்கு ஸ்டீராய்டு கொடுப்பது தடயத்தை அழிப்பதற்குச் சமம்.

ஐந்தாவது மாதம் ஒரு மருத்துவர் கணுவை முழுதாக எடுத்துப் பார்க்கலாம் என்றார். இப்போது தடுத்தது வீடு. “கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்” என்றார் அம்மா. வாசலில் நின்ற சித்தப்பாவின் கவலை வேறு: கல்யாணமாகாத பெண்ணின் கழுத்தில் தழும்பு. இவற்றைக் கேலி செய்வது எளிது. கத்தி பட்டால் பரவும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முற்றிய நிலையில் மட்டுமே அறுவைக்கு வந்தவர்கள் அடுத்த சில மாதங்களில் இறந்தார்கள். பழி கத்திமேல் விழுந்தது. கணுவை எடுத்துச் சோதிப்பதால் லிம்போமா பரவுவதில்லை. அது நிணநீர் ஓடும் இடமெல்லாம் தன் பாட்டில் போகக்கூடிய நோய், கத்திக்காகக் காத்திருப்பதில்லை. தழும்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும்.

இளவயதே இந்த நோய்களுக்கு ஒரு மறைவிடம். களைப்புக்கு வேலை காரணமாகிறது, எடைக்கு விடுதி, மூச்சு வாங்குவதற்குப் பதற்றம். 2011 உலகக்கோப்பையில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக வாந்தி எடுத்துக்கொண்டே 113 ரன் அடித்த யுவராஜ் சிங் அதைச் சென்னை வெயிலின் வேலை என்றுதான் நினைத்தார். வயது 29. நெஞ்சுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது விந்தணு மூலச் செல்களிலிருந்து வரும் செமினோமா என்ற வகைக் கட்டி. மறு ஆண்டுதான் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் சிகிச்சை முடிந்து குணமாகித் திரும்பினார். உலகத்தரமான உடற்பயிற்சியாளர்கள் சூழ இருந்த ஒருவருக்கே இது நேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுக்கு 1982-ல், அதே 29 வயதில், ஹாட்ஜ்கின் வந்தது. முதலில் வந்தது முழங்காலுக்குப் பின்னால் ஓர் அரிப்பு. பிறகு இரவு வியர்வை, பிறகு கழுத்தில் ஒரு முண்டு. அரிப்பு இந்த நோயின் அறிகுறி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்த நோயாளிகள் கருத்தாய்விலும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன் மூன்று தடவையோ அதற்கு மேலோ மருத்துவரைப் பார்க்க நேர்ந்தவர்கள் முதியவர்களைவிட 16 முதல் 24 வயதுக்காரர்களிடையேதான் அதிகம். அங்கே காசநோய் மிகக் குறைவு. வயது ஒன்றே போதுமான திரை.

இன்னொன்றும் உண்டு. இளைஞர்கள் ஊர் மாறுகிறார்கள், வேலை மாறுகிறார்கள், மருத்துவரையும் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு புது மருத்துவரும் முதல் நாளிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். அவரைப் பொறுத்தவரை அது இரண்டு வாரக் காய்ச்சல். ஏழு மாதம் ஆனதை அறிந்தவள் அவள் ஒருத்திதான்; அவள் அதைச் சொல்ல வாய்ப்பிருப்பது மூன்று நிமிடம்.

ஏழாவது மாதம் கணு வெளியே வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகன்று இருந்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா, மூன்றாம் நிலை. அறிக்கையைப் படித்த புற்றுநோய் மருத்துவர் முதலில் சொன்னது, “இது குணமாகிற நோய்மா” என்பது. அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மிலானில் ஜியான்னி பொனடோனா 1970-களில் உருவாக்கிய ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டு இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. ஆரம்ப நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். முற்றிய நிலையிலும் முக்கால்வாசிப் பேருக்கு மேல். அந்தக் கூட்டில் மூன்றாவதான வின்பிளாஸ்டின் வருவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செடியை மருந்துக்காகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நிலங்கள் தென் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மருந்தின் இலை இங்கே. நோயின் பெயர் ஏழு மாதம் தாமதம்.

குணமாகிற நோய்தானே, தாமதமானால் என்ன என்று கேட்கக் கூடாது. முதல் அல்லது இரண்டாம் நிலையில் பிடித்திருந்தால் சிலருக்கு நான்கு சுற்று மருந்தோ அதற்குக் குறைவோ போதும், அவளுக்கு ஆறு. அந்தக் கூட்டிலுள்ள டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பிளியோமைசின் நுரையீரலையும் பதம் பார்க்கக்கூடியவை. அளவு கூடக்கூட அபாயமும் கூடும். காசநோய் மாத்திரைகள் கல்லீரலைச் சோர்வாக்கியிருந்தால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியும் வரலாம். ஏழு மாதச் சம்பளம், விடுப்பு, உடலின் இருப்பு எல்லாம் அவளுக்கு இல்லாத ஒரு நோய்க்குச் செலவாகிவிட்டன. டி.பி. என்று தெரிந்ததும் விடுதியில் தட்டைத் தனியாக வைத்த தோழிகளைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லை.

இதற்காக நெறியோடு வரும் எல்லோரையும் வெட்டிப் பார்க்கச் சொல்கிறேனா? இல்லை. லட்சக்கணக்கான டி.பி. நோயாளிகள் உள்ள நாட்டில் அது நடக்கிற காரியமும் அல்ல. நான் கேட்பது கெடு. டி.பி. என்று ஊகித்து மருந்து தொடங்கும் அன்றே, ‘இந்தத் தேதிக்குள் நெறி இந்த அளவுக்குக் குறையாவிட்டால் முழுக் கணுவையும் எடுத்துப் பார்ப்போம்’ என்று சீட்டில் எழுதிவிட வேண்டும். நெறியின் அளவைச் சென்டிமீட்டரில் எழுத வேண்டும். ‘சற்றுக் குறைந்துள்ளது’ என்பது அளவல்ல. கிருமி கண்ணில் பட்டு உறுதியான டி.பி. ஒன்று, படாமல் ஊகித்த டி.பி. வேறொன்று. இரண்டையும் சீட்டில் ஒரே சொல்லால் எழுதுவதை மருத்துவர்கள் நிறுத்தினாலே பாதித் தாமதம் குறையும் என்பது என் எண்ணம்.

நோயாளியாக நீங்கள் செய்யக்கூடியவை சில. காறை எலும்புக்கு மேல் வந்த நெறியை எந்த அளவில் இருந்தாலும் உடனே காட்டுங்கள். வேறிடத்து நெறி நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வற்றாவிட்டால், வலிக்காவிட்டாலும், திரும்பப் போங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, எத்தனை கிலோ குறைந்தது, இரவில் உடை மாற்றும் அளவுக்கு வியர்க்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முதல் நிமிடத்திலேயே மேசைமேல் வையுங்கள். டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டி.பி.யாகவே இருந்தால் பாதியில் நிறுத்துவது மருந்துக்குப் பணியாத கிருமியை வளர்க்கும். “கிருமி தெரிந்ததா, ஊகமா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கணுவை எடுத்தால் காகித அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். மெழுகில் பதித்த அந்தத் திசுக் கட்டியை ஆய்வகங்களில் பிளாக் என்பார்கள். அது பல ஆண்டுகள் கெடாது. இன்னொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்க மறுபடி வெட்ட வேண்டியதில்லை, அந்தப் பிளாக்கும் ஸ்லைடும் போதும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.